செருப்புக் காவலுக்குப் போன சீடர்

நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் மீசை இந்த நிமிஷமே உதிர்ந்து விழட்டும். அத்தனையும் சத்தியம். அந்த மலையில் மூடுபனி எவ்வளவு கெட்டியென்றால், ஈரத் துண்டை அதன்மேல் விரித்துப் போடுவார்கள், கீழே விழாது. அங்கே ஒரு மடம். மடத்துத் தலைவி பூங்கோதை அம்மைக்கு முப்பத்திரண்டு வயது. அவருடைய சீடர் நாகலிங்கத்துக்கு அறுபத்தொன்று. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்.

மடத்தில் நாலாயிரம் மூலிகை மருந்துக் குறிப்புகள் இருந்தன. மலைக்கிராமத்து ஆள் போனில் கேட்டால், செயற்கை நுண்ணறிவு அதில் தேடிப் பதில் சொல்ல வேண்டும். அதற்கு வெக்டர் டேட்டாபேஸ் என்று ஒன்று வேண்டும். எழுத்தைப் பார்க்காமல் அர்த்தத்தின் நெருக்கத்தைப் பார்த்துத் தேடுகிற பெட்டி அது. தலைவலி என்று கேட்டால், மண்டையிடி என்று எழுதிய குறிப்பையும் எடுத்து நீட்டும்.

சந்தையில் அப்படி ஏழு இருந்தன. எது நல்லது என்று நாகலிங்கம் எட்டு மாதமாக அளந்துகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை போன் எண்ணைத் திறப்பதாக ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. சனிக்கிழமைக்குள் தேர்ந்தெடுக்காவிட்டால் பொறுப்பு வேறொருவருக்குப் போகும். இவர் மகன் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். அங்கே மருமகள், அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கச் செயலாளர் பதவியை இவருக்காகவே காலியாக வைத்திருந்தாள். நினைத்தாலே அந்தக் குளிரிலும் அவருக்கு வியர்க்கும்.

வியாழக்கிழமை காலை அட்டவணையோடு போய் நின்றார்.

"அம்மா, மூன்றாவது பெட்டி கண்ணிமைக்குமுன் பதில் தருகிறது. ஐந்தாவது பத்துக் கோடிக் குறிப்பைத் தாங்கும். எதை எடுக்கட்டும்?"

அம்மை அட்டவணையை வாங்கி, அழகாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலுக்கு அடியில் வைத்தார்.

"குருவம்மா கல்யாணத்துக்குப் போயிருக்கிறாள். இன்றைக்குச் செருப்பை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் ஐயா."

குருவம்மா மடத்து வாசலில் செருப்புக் காப்பவள். அந்த மலையில் டோக்கன் கொடுக்கும் வழக்கமில்லை. திரும்பி வந்து அடையாளம் சொன்னால் எடுத்துக் கொடுப்பாள். ஒருமுறை ஒருவர் தும்மியதுமே அவர் செருப்பு வந்து சேர்ந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நாகலிங்கத்துக்கு உற்சாகம். இது தன் தொழில் அல்லவா! நிறம்வாரியாகப் பிரித்து, அதற்குள் அளவுவாரியாக அடுக்கினார். பழுப்பு, எட்டாம் நம்பர் என்றால் கண்ணைக் கட்டிக்கொண்டே எடுத்துவிடுவார்.

உச்சிப் பூசை முடிந்தது. எழுநூறு பேர் வந்து நின்றார்கள்.

முதலில் வந்த அம்மாள், தன் செருப்பு நடந்தால் கீச்சுக் கீச்சென்று கத்தும் என்றாள். அடுத்தவர், நாய் கடித்தது என்றார். ஒருத்தி, வீட்டுக்காரரோடு சண்டை போட்ட கோபத்தில் கால் மாற்றி மாட்டிக்கொண்டு வந்தது என்றாள். இன்னொருவர், மச்சினன் வாங்கிக் கொடுத்தது என்று மட்டும் சொல்லிவிட்டுக் காலை நீட்டினார். நாகலிங்கம் ஒவ்வொருவரிடமும் நிறத்தையும் நம்பரையும் கேட்டார்.

"ஏம்ப்பா, செருப்பைக் கேட்டா கலரைப் பத்திப் பேசுறியே" என்றார் மச்சினன்காரர்.

மாலைக்குள் எழுநூறு பேரும் கைக்குக் கிடைத்ததை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். மறுநாள் செருப்பு மாற்றிக்கொள்ளப் போன இடத்தில் மூன்று கல்யாணம் நிச்சயமானது தனிக்கதை.

நாகலிங்கம் தன்னுடையதும் பறிபோய், வெறுங்காலோடு அம்மைமுன் வந்து நின்றார்.

"அடுக்கு சரியில்லையா ஐயா?"

"அடுக்கில் ஒரு குறையும் இல்லை அம்மா. யாருமே நான் நினைத்த மாதிரி கேட்கவில்லை."

"எட்டு மாதமாக அந்த ஏழு பெட்டியிடமும் நீங்கள் என்ன கேட்டீர்கள்?"

"அதற்கென்று மாதிரிக் கேள்விகள் உண்டு அம்மா. எல்லாம் வெளிநாட்டில் தயாரித்தவை."

அம்மை சிரித்துக்கொண்டே எழுந்தார்.

"சமையல்காரர் காத்தப்பனுக்கு வயிற்றுக்குள் யாரோ மாட்டுவண்டி ஓட்டுகிற மாதிரி இருக்கிறதாம். ஏழிடமும் கேட்டுவிட்டு வாருங்கள்."

நாகலிங்கம் வெறுங்காலோடு கம்ப்யூட்டர் அறைக்கு நடந்தார். ஞாயிற்றுக்கிழமை போன் மணி அடித்தது. பதில் சொன்ன பெட்டி மூன்றாவதும் அல்ல, ஐந்தாவதும் அல்ல.

இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது யார் என்பதை மட்டும் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு ஏறிப்போனதைவிட நல்ல செருப்போடு மலையிறங்கியவன் நான்.