முழுகாத கிண்ணம்

ஒரு ஊர்ல, கடல் வந்து வாசப்படியைத் தொட்டுட்டுப் போற மாதிரி ஒரு ஊர்ல, சங்குமுனைன்னு பேரு, அங்க உலகம்மான்னு ஒருத்தி இருந்தா. ராசாவோட சபையில அவளுக்குக் கிண்ணம் பாக்கற வேலை. இதென்ன வேலைன்னு சிரிக்காதீங்க, சொல்றேன். முதல்ல காலை ஆட்டறதை நிறுத்துங்க.

அந்த ராசாவோட தாத்தா காலத்துல சபையில பேச எழுந்தவங்க உக்காரவே மாட்டாங்களாம். காலையில ஆரம்பிச்சா விளக்கு வைக்கிற வரைக்கும் ஒருத்தரே பேசுவாராம். தாத்தா ராசா பொறுத்துப் பொறுத்துப் பாத்தாரு, அப்புறம் ஒரு செப்புக் கிண்ணம் செய்யச் சொன்னாரு, அதோட அடியில ஊசி நுழையற அளவுக்கு ஒரு ஓட்டை போடச் சொன்னாரு. தண்ணித் தொட்டியில அதை மிதக்க விட்டா, ஓட்டை வழியா தண்ணி கொஞ்சம் கொஞ்சமா ஏறி, ஒரு நாழிகையில முழுகி, அடியில போய் டொக்குனு இடிக்கும். உடனே சேகண்டி அடிக்கணும். பேசறவரு பாதி வார்த்தையில இருந்தாலும் நிறுத்திடணும். கிண்ணம் மிதக்கற வரைக்கும் அது அவரோட நேரம். வேற யாரும் வாயைத் திறக்கக் கூடாது, எழுந்து போகக் கூடாது, ராசாவுக்கும் அதே சட்டம்தான். கிண்ணத்தைத் தண்ணியில விடறது பேசறவரோட கை. அதுக்கப்புறம் அதைத் தொட்டு முழுக வச்சவங்களுக்கு அந்தக் கை இருக்காது, வெட்டிடுவாங்க. உலகம்மா பண்ண வேண்டியது ரெண்டே வேலை. தொட்டியில தண்ணி குறையாம ஊத்தறது, டொக்குனு கேட்டதும் சேகண்டி அடிக்கறது.

சபையில ரெண்டு கட்சி. ஜன்னல் பக்கம் உக்காந்தவங்க ஜன்னல் கட்சி, தூண் பக்கம் உக்காந்தவங்க தூண் கட்சி. கொள்கை அது இதுன்னு பெருசா நினைச்சுக்காதீங்க. ஆதியில காத்து வர்ற எடம் யாருக்குன்னு வந்த சண்டை அது.

நாலு வருசத்துக்கு முந்தி, பதினோரு நாள் பாய் விரிச்சுப் போற தூரத்துல இருக்கற கிராம்புத் தீவுக்கு ராசாவோட தூதுவன் போனான். அங்க அவனுக்கு உக்கார மணை போடலையாம். அது போதாதா? முன்னூறு பேரைக் கப்பல்ல ஏத்திச் சண்டைக்கு அனுப்பிட்டாங்க. அதுல உலகம்மா புருசன் கொம்பையாவும் ஒருத்தன். கிளம்பற அன்னிக்கு அவன் அண்ணாந்து பாத்து, "இந்த மூலை ஒழுகுது, வந்து வேயறேன், அதுவரைக்கும் சட்டியை வை"ன்னு சொல்லிட்டுப் போனான். அவளும் சட்டியை வச்சா. நாலு மழைக்காலம் வச்சா.

அனுப்பினப்ப மந்திரியா இருந்தது தூண் கட்சித் தலைவர் பூவணநாதர். அப்ப ஜன்னல் கட்சிக்காரங்க, "நம்ம பிள்ளைகளைத் திரும்பக் கூப்பிடுங்க"ன்னு மார்ல அடிச்சுக்கிட்டாங்க. அடுத்த வருசமே ஜன்னல் கட்சித் தலைவர் திருமலையப்பர் மந்திரியானாரு. அன்னியிலேர்ந்து அவங்க, "செயிக்காம திரும்பினா மானம் போயிடும்"னாங்க, தூண் கட்சிக்காரங்க மார்ல அடிச்சுக்கிட்டாங்க. தொட்டி பக்கத்துல நின்ன உலகம்மாவுக்கு ரெண்டு பேச்சும் மனப்பாடம். அதே பேச்சு, அதே கண்ணீரு, வாய் மட்டும் மாறிப்போச்சு. ராசா நல்லவருதான். ரெண்டு பக்கமும் கேட்டுட்டுத்தான் முடிவு சொல்லணும்னு கேட்டாரு, கேட்டாரு, மூணு வருசமா கேட்டுக்கிட்டே இருந்தாரு.

அப்ப ஒரு நாள் தீவுலேர்ந்து எதிர்காத்துல துடுப்புப் போட்டே ஒரு தோணி வந்துச்சு. அதுல ஒரே ஒரு ஆளு, எலும்பும் தோலுமா. சடையன்னு பேரு, கொம்பையாவோட போனவன். சபைக்கு வந்து நின்னான்.

"எந்தப் பக்கம் உக்காரப் போறே?"ன்னு கேட்டாங்க.

"நான் எந்தப் பக்கமும் இல்லீங்க, தீவுலேர்ந்து வர்றேன்"னான்.

"பக்கம் இல்லாதவனுக்குப் பேச நேரம் கிடையாது"ன்னுட்டாங்க.

அவன் வெளியில வந்து உலகம்மாகிட்ட சொன்னான். "மதினி, முன்னூறுல நூறு பேருதான் மிச்சம். சண்டையெல்லாம் எப்பவோ ஓஞ்சு போச்சு, அந்த ஊர்க்காரங்களே பாவம்னு கஞ்சி ஊத்தறாங்க. காய்ச்சல்தான் தின்னுது. அண்ணன் இருக்காரு, ஆனா படுத்துட்டாரு. தீவுப் பக்கமா அடிக்கற இந்தக் கச்சான் காத்துலயே கப்பல் வந்துட்டா பிழைச்சிடுவாரு. காத்து இன்னும் பதினஞ்சு நாளுதான் அடிக்கும். போய்ச் சேரப் பதினோரு நாள். நாலு நாளுக்குள்ள கிளம்பலேன்னா அடுத்த வருசம்தான். அடுத்த வருசம் யாருக்காக வர்றது?"

விஷயம் ராசா காதுக்குப் போச்சு. மறுநாளே சபை கூடட்டும், கட்சிக்கு மூணு பேர் பேசட்டும், ஆறாவது கிண்ணம் முழுகினதும் முடிவு சொல்றேன்னாரு.

அன்னிக்குச் சாயங்காலம் உலகம்மா வீட்டுக்குத் திருமலையப்பர் வந்தாரு. கையில ஒரு பட்டுப் புடவை.

"உலகம்மா, நாளைக்கு நான் பேசறப்ப கிண்ணத்தோட ஓட்டையில கொஞ்சம் தேன்மெழுகு வச்சிடு. காத்து போற வரைக்கும் நான் பேசிக்கறேன்."

"நாலு நாளா பேசுவீங்க?"

"நாப்பது வருசமா பேசறேன், நாலு நாள் முடியாதா?"

"அந்தப் புடவையைக் கட்டிக்கிட்டு நான் யாருக்கு முன்னால நிக்கட்டும்? எடுத்துட்டுப் போங்க"ன்னா.

அவர் தெரு திரும்பல, பூவணநாதர் வந்தாரு. மூணு வருசமா திரும்பக் கூப்பிடுங்கன்னு அழுத மனுசன். அவர் கையிலயும் ஒரு பட்டுப் புடவை.

"அம்மா உலகம்மா, நாளைக்கு நான் பேசறப்ப ஓட்டையில கொஞ்சம் மெழுகு வைக்கணுமே."

அவளுக்குப் புரியல. "நீங்க அவங்களைத் திரும்பக் கொண்டு வரணும்னு சொல்றவரு இல்லையா?"

"வரணும்தாம்மா, கண்டிப்பா வரணும். இந்த வருசம் வந்தா பேரு அந்தத் திருமலைக்குப் போயிடும். தை பிறந்தா மந்திரி தேர்வு. நான் மந்திரியாகி, நான் கப்பல் அனுப்பி, நான் கரையில நின்னு மாலை போடணும். ஒரு வருசம், என்ன பெரிய வருசம்?"

உலகம்மா அந்த மனுசனோட முகத்தையே பாத்துக்கிட்டு நின்னா. அப்புறம் கதவைச் சாத்திட்டா. சாத்தினாலும் மனசு கேக்கல. இவ்வளவு பெரிய மனுசன், வாய் தவறிச் சொல்லியிருப்பாரு, சபையில நூறு உயிருன்னு வர்றப்ப அப்படிச் செய்ய மாட்டாருன்னு நினைச்சா. நம்பறதுக்கு வேற யாரு இருந்தா அவளுக்கு?

விடிஞ்சுது, சபை கூடிச்சு. நாலு பேர் பேசினாங்க, நாலு கிண்ணம் முழுகிச்சு. அஞ்சாவதா திருமலையப்பர் எழுந்தாரு. கிண்ணத்தை ரெண்டு கையாலயும் எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு, ரொம்ப பக்தியா. அந்த பக்தியிலதான் கட்டை விரல் அடியில ஒரு அழுத்து அழுத்துச்சு. உலகம்மா பாத்துட்டா. பேச முடியாது, கிண்ணம் தண்ணிக்கு வந்துடுச்சு.

அவர் பேசினாரு. கொடியைப் பத்திப் பேசினாரு, மானத்தைப் பத்திப் பேசினாரு, தன்னோட கொள்ளுத்தாத்தா குதிரையைப் பத்திப் பேசினாரு. நாழிகை போச்சு, கிண்ணம் முழுகல. தொண்டை வறண்டா தண்ணி குடிச்சாரு, கண்ணு சொக்கினா ஜன்னல்ல சாஞ்சு தூங்கினாரு, முழிச்சுக்கிட்டு விட்ட எடத்துலேர்ந்து பேசினாரு. எல்லாருக்கும் சோறு உக்காந்த எடத்துக்கே வந்துச்சு.

முதல் நாள் உலகம்மா பூவணநாதரைப் பாத்தா. தொட்டிக்கு நாலு முழம் தள்ளித்தான் உக்காந்திருந்தாரு. கிண்ணத்தைக் கண்ணால காட்டினா. வாய்தான் பேசக் கூடாது, கையை நீட்டிக் காட்டக் கூடாதுன்னு சட்டம் இல்லையே, நீட்டுவாரு, ராசா பாப்பாருன்னு நினைச்சா. அவர் கிண்ணத்தைப் பாத்தாரு, அப்புறம் கூரையைப் பாத்தாரு.

ரெண்டாம் நாளும் பாத்தா. அவர் கூரையைப் பாத்தாரு.

மூணாம் நாளும் பாத்தா. அவர் கூரையைப் பாத்தாரு. வாயோரம் ஒரு சின்ன சிரிப்பு. ஆறாவது கிண்ணத்துக்கு அவசியமே இல்லாம அவரோட வேலையை எதிரியே முடிச்சுக் குடுத்துட்டான்ல?

ஏன் அவளே நீட்டலேன்னு கேக்கறியா? கேப்பே, உனக்கென்ன. கிண்ணம் பாக்கறவ கையை நீட்டினா கிண்ணத்துல கை வச்சான்னு சொல்ல ஒரு சபை நிறைய வாய் இருந்துச்சு. கொம்பையா காய்ச்சலோட வந்து இறங்கினா கஞ்சி வைக்கவும் தலையைத் தாங்கிப் பிடிக்கவும் ரெண்டு கை வேணாமா? அந்தப் பயத்துல மூணு நாள் நின்னா. பெரியவங்க செய்வாங்கன்னு நின்னா.

மூணாம் நாள் வெயில் இறங்கற நேரம். ஜன்னல் வழியா வர்ற கச்சான் காத்து இளைச்சுப் போயிருந்துச்சு. மூணு நாளா ஆவியாகித் தொட்டியிலயும் தண்ணி குறைஞ்சிருந்துச்சு. உலகம்மா தண்ணிப் பானையை இடுப்புல எடுத்தா. அது அவ வேலை, யாரும் திரும்பிக்கூடப் பாக்கல. தொட்டிகிட்டப் போனா. கிண்ணத்துக்கு நேர் மேல பானையைச் சரிச்சா. முழுப் பானையையும் சரிச்சா.

டொக்.

சேகண்டியை எடுத்து ஓங்கி அடிச்சா. கொள்ளுத்தாத்தா குதிரை நடு ஆத்துல நின்னுபோச்சு.

"வெட்டுங்க அவ கையை"ன்னு கத்தினாரு திருமலையப்பர்.

ராசா மூணு நாளுக்கப்புறம் வாயைத் திறந்தாரு. "உலகம்மா, கிண்ணத்தைத் தொட்டியா?"

"தொடல, ராசா. தொட்டிக்குத் தண்ணி ஊத்தறது என் வேலை. எந்த எடத்துல ஊத்தணும்னு உங்க தாத்தா சொல்லல. கிண்ணத்தை எடுத்துக் கவுத்துப் பாத்துட்டு அப்புறம் கையைக் கேளுங்க."

ராசா எடுத்துக் கவுத்தாரு. ஓட்டையில மெழுகு, மெழுகுல கட்டை விரல் ரேகை.

"பூவணநாதரே, நாலு முழத்துல இருந்தீரு. நீரு பாக்கலையா?"

"கிண்ணம் மிதக்கறப்ப பேசக் கூடாதே ராசா, சட்டத்தை மீற எனக்கு மனசு வரல. என்ன அநியாயம் பாருங்க. நூறு பிள்ளைங்க அங்க துடிக்கறாங்க. ஆறாவது கிண்ணம் என்னுதுதானே, குடுங்க, ஒரே நாழிகையில சொல்லி முடிச்சிடறேன்"னு கண்ணைத் துடைச்சுக்கிட்டே கையை நீட்டினாரு.

"குடுங்க ராசா, ஆனா கட்டை விரலைப் பாத்துட்டுக் குடுங்க"ன்னா உலகம்மா.

பாத்தாங்க. நகக்கண்ணுல உருட்டி வச்ச மெழுகு, மூணு நாளா காத்துக்கிட்டு இருந்த மெழுகு. மனுசன் ஒத்திகை பாத்தே வந்திருக்காரு.

ராசா தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. "நான் ரெண்டு பக்கமும் கேட்டேனே"ன்னாரு, சின்னப் பிள்ளை மாதிரி.

"ரெண்டு பக்கம் கேட்டீங்க. அக்கரையிலேர்ந்து ஒருத்தன் வந்தான், அவனை வாசல்ல நிறுத்திட்டீங்க"ன்னா அவ. ராசாவாச்சேன்னு அவ பாக்கல. பாக்கற நிலைமையிலயும் அவ இல்ல.

மறுநாள் விடியறப்ப, காத்து நிக்கறதுக்கு முந்தி, கப்பல் கிளம்பிச்சு. அதுல ராசாவோட உத்தரவுப்படி திருமலையப்பரும் பூவணநாதரும் ஏறினாங்க. "நீங்களே போய்க் கூட்டி அனுப்புங்க. திரும்பி வர்றப்ப ஒவ்வொரு எடமும் ஒரு சிப்பாய்க்கு. உங்களுக்கு எடம் இருக்காது, நீங்க அங்கயே இருங்க. உங்களைத் திரும்பக் கூப்பிடறதா வேண்டாமாங்கறதைச் சபை கூடிப் பேசி முடிவு பண்ணும்"னாரு ராசா.

போனாங்க, அப்புறம் ஊர்ப் பக்கமா அடிக்கற கொண்டல் காத்து திரும்பிச்சு, கப்பலும் வந்துச்சு. ஊரே கரையில நின்னுச்சு. உலகம்மா முன்னால நின்னா, கஞ்சித் தூக்கோட. ஒவ்வொருத்தனா இறங்கினான். வயசான அம்மாக்கள் முகத்தைத் தடவித் தடவிப் பிள்ளையைக் கண்டுபிடிச்சாங்க. கடைசி ஆளும் இறங்கிட்டான். கூட்டி வரப் போயிருந்த சடையன் அவ பக்கத்துல வந்து நின்னான்.

"மதினி."

"சொல்லு தம்பி."

"கப்பல் கண்ணுல படறதுக்கு மூணு நாள் முந்தி. கரையிலதான் படுத்திருந்தாராம். பாய் தெரியுதா, பாய் தெரியுதான்னு கேட்டுக்கிட்டே இருந்தாராம்."

"மூணு நாளா?"ன்னா.

தூக்கை அவன்கிட்ட குடுத்தா. "நீ குடி தம்பி, ஆறிடும்"னா. வீட்டுக்கு வந்தா. அந்த மூலையில இருந்த சட்டியை எடுத்துக் கவுத்து வச்சா. வேயறவரைக் கூப்பிட்டு அந்தக் கூரையை வேயச் சொன்னா.

அப்புறம் ராசா அவளைக் கூப்பிட்டு அனுப்பினாரு. "என்ன வேணும் கேளு உலகம்மா. நிலம் வேணுமா, வீடு வேணுமா, பொன் வேணுமா?"

"கிண்ணத்தோட ஓட்டையைப் பெருசாக்கிக் குடுங்க"ன்னா.

"எவ்வளவு பெருசு?"

தன்னோட கட்டை விரலை நீட்டிக் காட்டினா.

அப்படியே பண்ணிக் குடுத்தாரு. அடுத்த கச்சான் வந்துச்சு, சபை கூடிச்சு. ஜன்னல் கட்சிக்காரர் ஒருத்தர் எழுந்து கிண்ணத்தை விட்டாரு. "தீவுல இருக்கற நம்ம பெரியவங்க ரெண்டு பேரையும் திரும்ப..."ன்னாரு. டொக். உலகம்மா சேகண்டி அடிச்சா. தூண் கட்சிக்காரர் எழுந்தாரு. "தீவுல இருக்கற நம்ம பெரியவங்க..."ன்னாரு. டொக். அடிச்சா. இன்னொருத்தர் எழுந்தாரு. "தீவுல..." டொக்.

அதுக்கடுத்த வருசமும் கூடினாங்க. அந்த வாக்கியம் இன்னும் முடியல.

உயிர் போற விஷயத்துல நேரத்தை அடைச்சு வைக்கறவனுக்கு, அடுத்தவன் வாயைப் பாத்துக் காத்திருக்கற நாளும் வரும். அவ்வளவுதான் கதை. என் கிண்ணமும் முழுகிடுச்சு, சேகண்டியும் அடிச்சாச்சு, யாரும் வாயைத் திறக்காம போய்ப் படுங்க.