மணிமடுவில் ஒரு சடுகுடு

மணிமடுவில் தண்ணீர் குறையத் தொடங்கினால் மான்களுக்குத் தூக்கம் போய்விடும். அந்தக் காட்டில் கோடை முழுக்கத் தாங்கும் தண்ணீர் இரண்டே இடத்தில்தான் உண்டு. ஒன்று மணிமடு. பாறை இடுக்கில் ஊற்று சுரந்து நிற்கும் நல்ல தண்ணீர். இன்னொன்று அதற்குக் கீழே, வெகுதூரம் நடந்து போனால் வரும் முதலைத் துறை. அங்கே யார் குடியிருக்கிறார் என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மடுவுக்குக் கிழக்கே மான்கள் இருந்தன. மேற்கே காட்டுப்பன்றிகள் இருந்தன. மழைக்காலத்தில் தண்ணீர் இரண்டு கூட்டத்துக்கும் போதும். கோடையில் ஒரு கூட்டத்துக்குத்தான் காணும். முன்பெல்லாம் இதற்காக முட்டி மோதி இரண்டு பக்கமும் செத்துக்கொண்டிருந்தன. பிறகு ஒருநாள் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தன. வருஷத்துக்கு ஒருமுறை காய்ந்த ஆற்று மணலில் சடுகுடு ஆடுவது. ஜெயித்த கூட்டம் மழை வரும்வரை மணிமடுவில் குடிக்கும். தோற்ற கூட்டம் முதலைத் துறைக்கு நடக்கும்.

மான்கள் ஏழு வருஷமாக முதலைத் துறைக்கு நடந்துகொண்டிருந்தன.

போன கோடையில் செம்பி என்ற பெண் புள்ளிமான் தன் தங்கையோடு அங்கே குடிக்கப் போனது. தங்கை திரும்பி வரவில்லை. செம்பி வந்தது, முதலையின் வாயிலிருந்து தன் பின்னங்கால் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு. கால் மிஞ்சியது, ஓட்டம் போய்விட்டது. இனிமேல் நொண்டி நொண்டித்தான் நடக்க வேண்டும். இந்த வருஷமும் தோற்றால் அந்தத் துறையில் முதலில் மாட்டப்போவது தான்தான் என்று செம்பிக்குத் தெரியும். 

ஆட்டத்தின் முறை எளிது. பக்கத்துக்கு ஏழு பேர், பக்கத்துக்கு ஒன்பது பாட்டு, அதாவது ஒன்பது முறை பாடிப் போகலாம். பாடிப் போகிறவர் ஒரே மூச்சில் சடுகுடு சொல்லிக்கொண்டே கோட்டைத் தாண்டிப் போய், எதிராளியைத் தொட்டுவிட்டு மூச்சு விடாமல் திரும்பிவிட வேண்டும். தொட்ட தலைக்கு ஒரு புள்ளி. நடுவில் மூச்சு விட்டாலும், மடக்கிப் பிடித்துவிட்டாலும் ஒன்றும் கிடையாது. பன்றிகள் முதலில் பாடும். மான்கள் அடுத்துப் பாடும்.

மான்களிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. பாடிப் போகிற மான் தன் வழியைத் தானே தேர்ந்தெடுக்காது. அதன் பின்னால் ஒரு வழிகாட்டி நின்று மூக்கால் தொட்டுச் சொல்லும். இடது இடுப்பில் தொட்டால் இடது பக்கம் போக வேண்டும். வலது இடுப்பில் தொட்டால் வலது பக்கம். நடு முதுகில் தொட்டால் நேரே நடுவில். எதிரே நிற்கும் பன்றிகளுக்கு அது தெரியாது. பின்னால் கரையில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

வழிகாட்டியாக இருந்தது முடியன் என்ற மிளா மான். பெரிய கொம்பு, பெரிய உடம்பு. எட்டு வருஷத்துக்கு முன்பு ஒருமுறை நடு முதுகைத் தொட்டு ஜெயித்தது. அன்றோடு அதன் மூக்குக்கு வேறு இடமே தெரியாமல் போய்விட்டது. பாடிப் போகும் விசுக்கன் என்ற இரலை மானோ அந்தக் காட்டிலேயே வேகமான மான். அந்த வேகத்தையெல்லாம் முடியன் வருஷா வருஷம் பன்றிகளின் நெஞ்சில் கொண்டுபோய் மோதவிட்டது.

பன்றிகளின் தலைவன் கட்டையன் பெரிய அறிவாளி ஒன்றும் இல்லை. இருக்க வேண்டிய தேவையும் அதற்கு வரவில்லை. ஏழு பேரையும் நடுவில் சுவர் மாதிரி நிறுத்திவிட்டுக் கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றது.

ஆட்ட நாள் வந்தது. கரை முழுக்கக் கூட்டம். மான்களோடு சேர்ந்து அதே தண்ணீரைக் குடிக்கும் முயல்கள், மயில்கள், குரங்குகள் எல்லாம் வந்து உட்கார்ந்திருந்தன. வாலப்பன் என்ற குரங்கு மருத மரத்தில் வசதியான கிளையாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டது. அதற்கு வாய் கொஞ்சம் நீளம்.

முதல் பாட்டில் முடியன் நடு முதுகைத் தொட்டது. விசுக்கன் நேரே போனது, சுவரில் மோதியது, மாட்டிக்கொண்டது. இரண்டாவது பாட்டிலும் நடு முதுகு. மூன்றாவதிலும் அதுவே. கரையில் முனகல் எழுந்தது.

"என் கண்ணைக் கட்டிவிடுங்க. அப்பவும் அடுத்தது எங்க தொடுவான்னு சொல்லிடுறேன்" என்றது வாலப்பன்.

நான்காவது பாட்டு வந்தது. "நடு முதுகு" என்றது வாலப்பன். வாலப்பன் சொன்ன இடத்தில்தான் மூக்கு பட்டது. கரையில் யாரும் சிரிக்கவில்லை. பயந்தவர்களுக்குச் சிரிப்பு வராது, கோபம்தான் வரும். முடியனுக்குக் கொம்பு வளர்ந்த அளவுக்கு மூளை வளரவில்லை என்றது ஒரு முயல். வழிகாட்டியை எப்போதோ மாற்றியிருக்க வேண்டும் என்றது ஒரு மயில். ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். இடது பக்கம் போகலாம் என்றார்கள், வலது பக்கம் போகலாம் என்றார்கள், பொய்க்குக் காலை நீட்டிவிட்டுப் பின்வாங்கலாம் என்றார்கள்.

இவ்வளவு பேசுகிறவர்கள் வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? தலையைக் குனிந்து புல்லை மென்றார்கள். வாயைத் திறந்தால் "அப்படியா, நீயே வந்து நில்" என்று சொல்லிவிடுவார்களே! அதனால் வருஷா வருஷம் முடியனே நின்றது.

மான்கள் பிடிப்பதில் கெட்டி. பன்றிகளால் எளிதில் தொட முடியவில்லை. ஆறு பாட்டு முடிந்தபோது பன்றிகளுக்கு ஒரே ஒரு புள்ளி. மான்களுக்கு ஒன்றுமில்லை. இன்னும் மூன்று பாட்டு இருந்தது. ஆற்றங்கரைப் பாறையின் நிழல் நடுக்கோட்டைத் தொடும்வரை இடைவேளை விட்டார்கள்.

செம்பி கரையிலிருந்து எழுந்து நின்றது. கீழே போவதற்கு அதற்குத் துணிச்சல் வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். மேலே உட்கார்ந்திருக்க அதனால் முடியவில்லை, அவ்வளவுதான். கண்ணை மூடினால் தங்கையின் கழுத்து தண்ணீருக்குள் போவது தெரிந்தது. நொண்டிக்கொண்டே மணலில் இறங்கி முடியனிடம் போனது.

"முடியண்ணே, ஒரு தரம் இடது பக்கம் அனுப்பிப் பாருங்களேன்."

முடியன் சுற்றும் முற்றும் பார்த்தது. பிறகு குரலைத் தாழ்த்தியது.

"இடது பக்கம் போய் அவன் மாட்டிக்கிட்டா யாரைச் சொல்லுவாங்க? என்னைத்தானே? நடுவுல போய் மாட்டிக்கிட்டா விசுக்கன் சரியா ஓடலன்னு போயிடும். எட்டு வருஷமா போற வழி தாயி. அதுல போனா என் மேல ஒண்ணும் வராது."

செம்பிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷமும் முடியனை முட்டாள் என்றுதான் அது நினைத்திருந்தது. முடியனுக்கு இடது பக்கமும் தெரிந்திருக்கிறது, வலது பக்கமும் தெரிந்திருக்கிறது. பயம் மூக்கைப் பிடித்து ஒரே இடத்தில் வைத்திருக்கிறது.

"தோத்தா உங்களைத் திட்டுவாங்கண்ணே. நான் செத்துப்போவேன்."

முடியன் செம்பியின் பின்னங்காலைப் பார்த்தது. பல்லின் தடம் அங்கே இன்னும் ஆறாமல் இருந்தது. 

"என்னால முடியல தாயி. நீ தொடு." இப்படிச் சொல்லிவிட்டு முடியன் விலகி நின்றது.

 செம்பி திரும்பி மேலே பார்த்தது. யோசனை சொன்ன யாராவது இறங்கி வருவார்களா என்று பார்த்தது. முயல் மண்ணைக் கிளறியது. மயில் இறகைக் கோதியது. வாலப்பனுக்கு அந்த நேரம் பார்த்துத் தன் வாலில் பேன் இருப்பது ஞாபகம் வந்தது. ஒருவரும் இறங்கவில்லை.

நிழல் கோட்டைத் தொட்டது. பன்றிகள் பாடிவிட்டுப் போயின. மான்கள் தப்பித்துக்கொண்டன. விசுக்கன் வந்து கோட்டருகே நின்றது. செம்பி அதன் பின்னால் போய் இடது இடுப்பைத் தொட்டது.

விசுக்கன் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தது. பிறகு பாடிக்கொண்டே பாய்ந்தது. இடது பக்கம் ஆளே இல்லை. ஆனால் அங்கே மணல் பொதபொதவென்று இருந்தது. குளம்பு புதைந்தது. சுவரின் ஓரத்தில் நின்ற ஒரு பன்றி தடுமாறி வந்து அதன் மேல் விழுந்து அமுக்கிவிட்டது.

கரை கொதித்தது. "நொண்டிக்கு எதுக்கு இந்த வேலை? பேசாம நடுவுலயே விட்டிருக்கலாம்" என்று கத்தியது வாலப்பன். கண்ணைக் கட்டிவிடச் சொன்ன அதே வாலப்பன்தான்.

எட்டாவது பாட்டிலும் பன்றிகளுக்குப் புள்ளி இல்லை. செம்பி வலது இடுப்பைத் தொட்டது. இந்தமுறை விசுக்கன் சுற்றிக்கொண்டு போய் ஒரு பன்றியின் வாலுக்கு ஒரு விரற்கடை தூரம்வரை வந்துவிட்டது. அதற்குள் மூச்சு தீர்ந்துவிட்டது. கரையில் சில தாய்மான்கள் குட்டிகளை எழுப்பி அருகில் இழுத்துக்கொண்டன. ஒரு கிழட்டு மான் முதலைத் துறைக்குப் போகும் பாதையையே பார்த்துக்கொண்டு நின்றது. செம்பியைத் திட்டக்கூட அதற்குத் தெம்பில்லை.

ஒன்பதாவது பாட்டைப் பன்றிகள் பாடி முடித்தன. புள்ளி ஏறவில்லை. மிஞ்சியது மான்களின் கடைசிப் பாட்டு ஒன்றுதான். ஒருவரைத் தொட்டால் சமன். சமன் ஆனால் போன வருஷம் ஜெயித்த கூட்டத்துக்கே மடு. ஆகவே இரண்டு பேரைத் தொட வேண்டும்.

 செம்பியின் பின்னங்கால் விண்விண் என்று தெறித்தது. முதலில் திட்டு வாங்கப்போவதும் தான், முதலில் முதலையிடம் போகப்போவதும் தான். முடியன் எதற்காக ஒரே இடத்தில் மூக்கை வைத்தது என்று இப்போது அதற்கு நன்றாகவே புரிந்தது. யாரும் குறை சொல்ல முடியாத இடம் ஒன்று இருந்தால் அதில் போய் ஒளிந்துகொள்ளத்தான் மனம் போகும். கரையிலிருந்து ஆளுக்கொரு பக்கம் சொல்லிக் கத்தினார்கள். செம்பி காதைத் தாழ்த்திக்கொண்டு எதிரே பார்த்தது.

எதிரே கட்டையன் கொட்டாவி விடவில்லை. இடமும் வலமும் ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷமாக அசையாத சுவரை அது பிரித்துக்கொண்டிருந்தது. மூன்று பேரை இடது ஓரத்துக்குத் துரத்தியது, இரண்டு பேரை வலது ஓரத்துக்குத் துரத்தியது. நடுவில் அதுவும் இன்னொரு பன்றியும்தான் மிச்சம். இரண்டுக்கும் இடையில் ஒரு மான் தாராளமாகப் போய்வரலாம்.

செம்பி விசுக்கனின் நடு முதுகைத் தொட்டது.

"நடுவுலயா?" என்றது விசுக்கன். 

"நடுவுலதான். நல்லாப் பாத்துட்டேன். போ."

கரையில் ஐயோ என்ற சத்தம் எழுந்தது. வாலப்பன் வாலால் முகத்தை மூடிக்கொண்டது.

விசுக்கன் பாய்ந்தது. கட்டையன் இடது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தபோதே அதன் காதைத் தொட்டுவிட்டது. ஓரத்தில் நின்றவை குட்டைக் காலை வைத்துக்கொண்டு நடுவுக்கு ஓடிவந்து ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. விசுக்கன் சுழன்று திரும்பியது. மற்றப் பன்றியின் முதுகையும் தொட்டது. பாட்டு தேய்ந்துகொண்டே வந்தது. அது நின்றுவிட்டதோ என்று எல்லோரும் நினைத்த நொடியில் விசுக்கனின் முன்னங்கால் கோட்டுக்கு இப்பால் விழுந்தது. மூச்சை அப்புறம்தான் விட்டது.

இரண்டுக்கு ஒன்று. மணிமடு மான்களுக்கு.

கட்டையன் மணலைக் காலால் எத்திவிட்டுத் தன் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு கீழே நடந்தது. அதைப் பார்த்துச் செம்பிக்குச் சந்தோஷப்பட முடியவில்லை. அந்தப் பாதை எங்கே போகிறது என்று அதற்குத் தெரியும். கரையில் மற்றவர்கள் குதித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில்தான் போக வேண்டும் என்று தான் ஆரம்பத்திலிருந்தே சொன்னதாக வாலப்பன் ஒவ்வொருவரிடமாகப் போய்ச் சொன்னது. ஆமாம் என்று தலையாட்டவும் ஆள் இருந்தது.

முடியன் மெல்லச் செம்பியின் பக்கத்தில் வந்து நின்றது.

"பயமா இல்லையா உனக்கு?"

"இப்பவும் பயமாத்தான் இருக்குண்ணே" என்றது செம்பி.

அது மடுவில் இறங்கியது. கால் நடுக்கத்தில் தண்ணீர் அலையடித்தது. தண்ணீருக்குள் கண்கள் ஏதாவது தெரிகிறதா என்று ஒருமுறை பார்த்தது, இன்னொருமுறையும் பார்த்தது. ஒன்றுமில்லை. பிறகு குனிந்து குடித்தது.

தன் மேல் பழி வந்துவிடுமே என்று பயந்து பழகிய வழியிலேயே அனுப்புகிறவர் தன்னை நம்பியவர்களைக் காப்பாற்ற மாட்டார், பயந்துகொண்டேயானாலும் எதிரே பார்த்து வழி சொல்கிறவர்தான் காப்பாற்றுவார்.