ஆளுக்கொரு கிடுகு

"மூணு வாரமா வாசிக்கிறேன்மா. ஒருத்தர்கூட வரலை."

சபைச் செயலர் சற்குணராஜ் அறிவிப்புத் தாளை ஆயர் சலோமியின் மேசைமேல் வைத்தார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஆயருக்கு அவர் வயதில் பாதிதான். ஆனாலும் அவருக்கு முன்னால் சற்குணராஜ் உட்காரமாட்டார்.

காற்றில் கூரையை இழந்து வாடும் சகோதரி ரத்தினபாயின் இல்லத்தைச் சீரமைக்கும் நற்பணியில் அனைவரும் திரளாகக் கலந்துகொண்டு சிறப்பிக்குமாறு அன்புடன் கேட்டிருந்தது அந்தத் தாள். பிழை என்று ஒரு புள்ளி கிடையாது. அப்படியும் ஆள் வராததுதான் அவருக்கு ஆறவேயில்லை.

ரத்தினபாயின் மகளுக்கு மாதம் நிறைந்துவிட்டது. தாயும் மகளும் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறார்கள். ஐப்பசி மழை எந்நேரமும் இறங்கலாம். கூரைக்கென்று பின்னி வந்த தென்னையோலைக் கிடுகுகளோ கோயில் கொட்டகையில் கரையான் ஏறிக் கிடக்கின்றன. அவள் வீட்டுச் சந்துக்குள் வண்டி நுழையாது. மனிதர்கள்தான் சுமக்க வேண்டும்.

ஆயர் தாளைப் படித்தார்.

"இதைக் கேட்டவங்க எந்திரிச்சதும் கையில எதை எடுக்கணும் சார்?"

"வேதாகமத்தையாம்மா?"

ஆயர் தாளை அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

சற்குணராஜ் வீட்டுக்குப் போய் மறுபடி எழுதினார். நாள், நேரம், ஒரு வசனம், தேநீர் உண்டு என்ற செய்தி, எல்லாம் சேர்த்தார். தாள் இரண்டு பக்கமாயிற்று.

சனிக்கிழமை அதை நீட்டியபோது ஆயர் அதே கேள்வியைக் கேட்டார்.

அவருக்குச் சுருக்கென்றது. முப்பத்தாறு வருஷம் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுத்தவனுக்கா இந்தக் கதி? விறுவிறுவென்று வெளியே வந்தார். கொட்டகை கண்ணில் பட்டது. கரையானையாவது தட்டுவோம் என்று ஒரு கிடுகை உருவி உதறினார்.

உதறியாயிற்று. இனி இதை எங்கே வைப்பது?

திரும்பவும் கரையானிடம் வைக்க மனம் வரவில்லை. கையில் பிடித்தபடியே நின்றார். பிறகு நடந்தார். ரத்தினபாயின் வாசலில் அதை இறக்கியபோதுதான் தான் எங்கே வந்திருக்கிறோம் என்பதே அவருக்கு உறைத்தது.

ஞாயிறு காலை, ஆராதனைக்கு முன்பே, அவ்வளவு கிடுகையும் கோயில் வாசற்படிக்கு இழுத்துப் போட்டார். அறிவிப்பு வேளையில் தாளைப் பிரிக்கவில்லை.

"வாசல்ல கிடுகு இருக்கு. போறப்ப ஆளுக்கு ஒண்ணு எடுத்துட்டுப் போய் ரத்தினபாய் வீட்டுல இறக்குங்க."

உட்கார்ந்துவிட்டார்.

முதலில் பட்டுச்சேலைக்காரி ஒருத்தி குனிந்து எடுத்தாள். அவளுக்குப் பின்னால் அவள் புருஷன். அப்புறம் யாரும் யாரையும் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை.

சற்குணராஜ் தன் கிடுகோடு தெருவில் இறங்கியபோது தலைகளே தெரியவில்லை. தெரு நீளத்துக்கும் ஓலை. முன்னால் போனவர்கள் சும்மா இறக்கிவைத்துவிட்டுத் திரும்பவில்லை. வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு கூரைச் சட்டத்தின்மேல் ஏறிவிட்டார்கள். கையில் ஓலையோடு பவனி போகும் குருத்தோலை ஞாயிறு முடிந்து ஆறு மாதம் ஆகிறது. ஆனாலும் யாரும் சொல்லாமலே எங்கோ ஒரு குரல் ஓசன்னா பாடத் தொடங்கியது. தெருவே சேர்ந்துகொண்டது.

அவருக்கு மெய் சிலிர்த்துவிட்டது. நடக்க மறந்து நின்றார். பின்னால் ஆயரும் தலையில் ஒரு கிடுகோடு வந்துகொண்டிருந்தார்.

"இவ்வளவு பேரும் இத்தனை நாள் எங்கேம்மா இருந்தாங்க?"

"நடங்க சார். பின்னால ஆள் வருது."