ஆப்பிள் மரத்துக்கு நடுவகிடு

முட்டாள்கள் யோசிக்காமல் காரியம் செய்கிறவர்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். இது பெரும் பிழை. நாங்கள் மூன்று நாள் யோசித்தோம். யோசித்தவர்களில் படித்தவன் நான் ஒருவன்தான் என்பதால் நடந்ததில் பெரும்பங்கு என்னைச் சேரும்.

எங்கள் மலையூரில் சவரியப்பனின் ஐம்பது ஆப்பிள் மரங்களும் ஆறு வருஷமாகப் பூத்ததோடு சரி. இந்த வருஷமும் காய்க்காவிட்டால் வெட்டிவிட்டு முட்டைக்கோஸ் போடுவதாகச் சொல்லி, அவர் மனைவி ஞானப்பூ கோடாலியைத் தீட்டி வைத்துவிட்டார். சவரியப்பன் அலறியடித்துத் தோட்டக்கலை அதிகாரிக்குப் போன் செய்தார். சிக்னல் விட்டுவிட்டு வந்தது. "நடுவில கிராப்... வைங்க, காய்க்கும்" என்பது மட்டும் கேட்டது.

கிராப் என்றால் தலைமுடியைக் குட்டையாக வெட்டுவது, ஆங்கிலத்திலிருந்து வந்த சொல் என்று நான் விளக்கினேன். நடு மரத்துக்குக் கிராப்பா, எல்லா மரத்துக்கும் நடுவகிடா என்ற விவாதத்தில் முதல் நாள் போனது. நடு மரத்துக்கு நடுவகிடு என்று சமரசமானோம். சலூன் சிங்கராயர் ஏணியோடு வந்தார்.

"வாத்தியாரே, இதுக்கு முகம் எந்தப் பக்கம்?"

"கிழக்கு. சூரியனைப் பாத்துத்தானே நிக்குது."

"சாயங்காலம்?"

நான் ஒருநாள் அவகாசம் கேட்டேன்.

மூன்றாம் நாள் கிழக்கென்றே வைத்துக்கொண்டு வெட்டினார். வகிடு நூல் பிடித்த மாதிரி விழுந்தது. மொட்டெல்லாம் தரையில் கிடந்தது.

நாலாம் நாள் அதிகாரியே ஜீப்பில் வந்தார். கூடவே தொட்டியில் ஒரு சின்ன மரம். இளஞ்சிவப்பு மொட்டும் வெள்ளைப் பூவுமாகக் கிளையே தெரியவில்லை. இதன் பெயர்தான் கிராப் ஆப்பிள் என்றார். பழம் நெல்லிக்காய் அளவுதான், புளிக்கும், அழகுக்கென்றே வளர்ப்பவர்கள் உண்டு. ஆனால் இதன் மகரந்தத்தைத் தேனீ கொண்டுபோய்ச் சேர்த்தால் உங்கள் மரங்கள் காய்க்கும் என்றார். பிறகு வகிட்டைப் பார்த்தார். யார் செய்த வேலை என்று கேட்டார்.

"வெட்டினது நான். அர்த்தம் சொன்னது வாத்தியாரு" என்றார் சிங்கராயர்.

அதிகாரி தொட்டியை அந்த மரத்தடியில் இறக்கிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

ஆடியில் நாற்பத்தொன்பது மரமும் காய்த்தது. ஞானப்பூ கோடாலியை விறகு பிளக்க எடுத்துக்கொண்டார். பக்கத்து மலைத் தோட்டக்காரர்கள் வந்து, தொட்டியைத் தாண்டிப் போய், வகிட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மறுவருஷம் பூக்கும் பருவத்தில் சிங்கராயரின் சலூன் கதவில் ஒரு அட்டை தொங்கியது: 'இந்த மாதம் மரங்களுக்கு மட்டும்.'