வகுப்புக்கு வந்த கட்டைவிரல்கள்

அந்த ஊர்ப் பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷன் புண்கள் சீழ் பிடித்துக்கொண்டே இருந்தன. தலைமை டாக்டர் தணிகைவேலன், நர்சுகளுக்குப் பாடம் எடுக்கும் அருள்ஜோதி டீச்சரைக் கூப்பிட்டுக் கத்தினார்.

"உங்க நர்சுங்களுக்குக் கை கழுவத் தெரியலை. ஒரே மாசத்துல சரியாகணும். என் டாக்டருங்களை வகுப்புக்குக் கூப்பிடக் கூடாது."

"கூப்பிடலை சார். குத்துவிளக்கு ஏத்துறதுக்குப் பதிலா நீங்க கை கழுவிக் காட்டி வகுப்பைத் தொடங்கி வைங்க. கண்ணைக் கட்டினாலும் கழுவுற கையாச்சே!"

அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தொடக்க நாளன்று மேடையில் டீச்சர் அவர் கண்ணைக் கட்டி, வெள்ளைக் கையுறை மாட்டி, சோப்புக்குப் பதில் நீலச் சாயம் ஊற்றினார். அவரும் தேய் தேய் என்று தேய்த்தார். கண்கட்டை அவிழ்த்துப் பார்த்தால் கையெல்லாம் நீலம், கட்டைவிரல் இரண்டு மட்டும் வெள்ளை வெளேர்!

டீச்சர் அந்த விரல்களைப் பிடித்து எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார்.

"டாக்டருங்க யாரும் வர வேண்டாம் சார். இந்த ரெண்டு கட்டைவிரலை மட்டும் வகுப்புக்கு அனுப்பி வைங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். மறுநாள் முன்வரிசையில் அவர் உட்கார்ந்திருக்க, பின்னாலேயே மற்ற டாக்டர்களும் வந்தார்கள். மாதம் முடிவதற்குள் சீழும் அடங்கியது.

டீச்சர் ஓய்வுபெற்ற நாளில், டாக்டர் மேடையேறித் தன் இரண்டு கட்டைவிரல்களையும் தூக்கிக் காட்டினார்.

"உங்க பழைய மாணவர்கள், டீச்சர். நேர்ல வந்து நன்றி சொல்லணும்னு அடம்பிடிச்சாங்க."