காவலுக்கு வந்த கடுவன்

ஆற்றை ஒட்டிய பாறைக் குகையில் மின்னி என்ற பெண் சிறுத்தை குட்டிகள் ஈன்றிருந்தது. குட்டிகளுக்கு இன்னும் கண் திறக்கவில்லை. அவற்றைத் தனியே விட மனமில்லாமல் மின்னி பட்டினி கிடந்தது. பால் வற்றத் தொடங்கியது.

ஒரு நாள் கோணையன் என்ற கழுதைப்புலி குகை வாசலுக்கு வந்தது.

"ஐயோ அக்கா, எலும்பும் தோலுமாகிவிட்டாயே! காட்டுக்குப் புதிதாக ஒரு கடுவன் சிறுத்தை வந்திருக்கிறார். நல்ல மனசுக்காரர். அவர் காவல் இருக்கட்டும், நீ வேட்டைக்குப் போய் வா!"

"அவருக்கு எதற்கு இந்தச் சிரமம்?"

"ரெண்டே ரெண்டு குட்டி! அதைப் பார்த்துக்கொள்வது ஒரு சிரமமா?"

எத்தனை குட்டிகள் என்று மின்னி யாரிடமும் சொன்னதில்லை. 'இவன் ஒளிந்திருந்து பார்த்திருக்கிறான்!'

ஆனாலும் அது முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. "சரி, வெயில் தாழ்ந்ததும் அழைத்து வா" என்றது.

கோணையன் போனதும் மின்னி ஒரு குட்டியின் பிடரியைக் கவ்விக்கொண்டு ஆற்றில் இறங்கியது. வெள்ளம் இழுத்தது. குட்டியின் மூக்கில் தண்ணீர் ஏறாதபடி தலையை நிமிர்த்தியே நீந்தியது. அக்கரையில் ஒரு மரப்பொந்தில் குட்டியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தது.

வெயில் தாழும் முன்பே குகையை நோக்கிக் கடுவன் நடந்துகொண்டிருந்தது! கூடவே கோணையன்!

மின்னி மறுபடி ஆற்றில் பாய்ந்தது. கால்கள் துவண்டன. மூச்சு முட்டியது. எப்படியோ கரையேறி, குகைக்கு மேலிருந்த பாறையில் தொற்றியபோது கீழே பேச்சுக் கேட்டது.

"சீக்கிரம் கொன்றுபோடுங்கள்! குட்டிகள் செத்தால்தான் அவள் உங்களோடு சேருவாள். அப்புறம் இந்தக் காடே உங்களுடையது. நீங்கள் தின்றது போக மிச்சம் எனக்கு!"

உள்ளே குட்டி முனகியது. கடுவன் தலையை நுழைத்தது.

மின்னி அதன் முதுகில் குதித்தது!

"என் குட்டியைத் தொடுவதற்கு முன்னால் என்னைக் கொல்!"

இரண்டும் கட்டிப் புரண்டன. கடுவன் பெரிது, ஆனால் மின்னி பிடியை விடவில்லை. காது கிழிந்து ரத்தம் கொட்டவே, கடுவன் உதறிக்கொண்டு விலகியது.

"தாய் வேட்டைக்குப் போயிருப்பாள் என்றாயே, பொய்யா!" என்று கோணையனை ஓங்கி அறைந்துவிட்டுக் காட்டுக்குள் ஓடியது. கோணையனும் நொண்டியபடி ஓடியது. பிறகு அந்தப் பக்கம் தலைகாட்டவே இல்லை.

மின்னி இரண்டாவது குட்டியையும் அக்கரை சேர்த்தது. அங்கே புதரில் ஒரு முயல் அகப்பட்டது. குட்டிகள் வயிறு நிறையப் பால் குடித்தன.

வலிய வந்து உதவுகிறேன் என்பவரை நம்புவதற்கு முன், அந்த உதவியால் அவருக்கு என்ன லாபம் என்று யோசிக்க வேண்டும்.