கோமு அத்தையின் குதிகட்டில்

கொசுவலையை நாலு பக்கமும் மெத்தைக்கு அடியில சொருகியாச்சு. காலை உள்ள இழுத்துக்கோ. நான் சொல்லச் சொல்ல நீ "ம்" கொட்டணும். கொட்டலைன்னா நீ தூங்கிட்டன்னு கதையை நிறுத்திடுவேன்.

ஒரு ஊர்ல ஒரு கட்டில் இருந்துச்சாம். அதுல யாரும் படுக்க மாட்டாங்களாம். ஏன்னு கேக்கிறியா? அதைத்தான் சொல்லப் போறேன்.

அந்தக் கட்டிலுக்குச் சொந்தக்காரி பேரு கோமு. அண்ணன் சங்கரலிங்கம், மதினி பிச்சம்மா, அவங்க பொண்ணு வடிவு, இவங்களோட ஒரே வீட்ல இருந்தா. வடிவுக்கு எட்டு வயசு. கோமுவுக்குக் கல்யாணம் ஆகல. ஏன் ஆகலன்னு கேட்டுக் கேட்டு, கேக்கிறவங்களுக்கே அலுத்துப் போன வயசு.

கோமுவுக்கு ஒரு குணம். எதையும் ஒத்தையா விடமாட்டா. வாழைப்பழம் கொடுத்தா ரெண்டாத்தான் கொடுப்பா. வடிவு கறிவேப்பிலை வாங்கக் கடைக்குப் போனா, துணைக்கு எதிர்வீட்டுப் பொண்ணு. அப்புறம் அந்தப் பொண்ணு தனியா வீட்டுக்குப் போகக் கூடாதேன்னு, அவளுக்குத் துணையா மறுபடியும் வடிவு. இப்படியே ரெண்டும் போறதும் வர்றதுமா பொழுது சாஞ்சிடும், குழம்பு தாளிக்காம கிடக்கும். அண்ணன் தூக்குவாளியில கறிச்சோறு எடுத்துட்டுப் போனா, மேல ஒரு கரித்துண்டு வைப்பா. பேய் அண்டாம இருக்கச் சோத்துக்குத் துணை.

அவளும் தனியா எங்கயும் போனதில்ல. பஸ்ல ஜன்னலோரம் உட்கார்ந்ததில்ல. கூட வர்றவங்களுக்கு விட்டுக் கொடுத்துடுவா. ம்.

அப்போ ஒரு ஆடி மாசம், பாத்திரக் கடைல தள்ளுபடிக்குச் சீட்டுக் குலுக்கினாங்க. முதல் பரிசு ஸ்கூட்டர், ரெண்டாவது ஃபிரிட்ஜ், நாலாவது கிரைண்டர். கோமு கிரைண்டரை நினைச்சுச் சாமி கும்பிட்டா. சாமி ஒரு எண் தள்ளிக் கொடுத்துட்டாரு. மூணாவது பரிசு. ஆள் உசரத்துக்கு ஒரு அட்டைப் பெட்டி வாசல்ல வந்து இறங்குச்சு, தொம்.

பிரிச்சா, வளைஞ்ச இரும்புக் குழாய், எழுபத்திரண்டு ஸ்பிரிங், வட்டமா ஒரு கறுப்புத் துணி, நீளமா ஒரு வலை, மடிச்சு வச்ச ஒரு காகிதம்.

"என்னய்யா இது?"ன்னாரு அண்ணன்.

"டிராம்போலின். மேல ஏறிக் குதிக்கணும்"னாரு வண்டிக்காரர்.

"குதிச்சு?"

"குதிச்சுட்டு இறங்கணும்."

"இதுக்கா இம்புட்டு இரும்பு?"

டிராம்போலின்ங்கிறது கோமு வாயில நுழையல. குதிகட்டில்னு பேரு வச்சா. பெட்டியைத் தடவித் தடவிப் பாத்தா. ஏன்னா, அவளுக்கு இதுவரைக்கும் எதுவும் விழுந்ததில்ல. பள்ளிக்கூடத்து ஓட்டப் பந்தயத்துல கூட, பின்னாடி வர்றவளுக்குத் துணையா நின்னு ஓடி, ரெண்டு பேருமா கடைசியா வந்தவ.

"இது எனக்கு விழுந்ததுண்ணே"ன்னா.

அண்ணனுக்கு மனசு இளகிச்சு. மீசை இளகல. "சரி, கொல்லைல போட்டுக்கோ. ரெண்டு வம்பு வந்தா பொறுப்பேன். மூணாவது வம்பு வந்துச்சுன்னா, காயலான் கடை மாசானத்தைக் கூப்பிட்டு எடைக்குப் போட்டுடுவேன்."

சரின்னு தலையாட்டினா. ம்.

அப்புறம் மாமரத்தடியில, நிழலாப் பாத்து, குழாயைப் பூட்டினாங்க. அண்ணன் ஸ்பிரிங்கை ஒரு ஓரத்துலேர்ந்து வரிசையா மாட்டிக்கிட்டே வந்தாரு. கடைசிப் பத்து ஸ்பிரிங் எட்டவே இல்ல. துணி அந்தப் பக்கமே இழுத்துக்கிச்சு. அவரு ஸ்பிரிங்கை இழுக்க, பிச்சம்மா அவரு இடுப்பை இழுக்க, கோமு பிச்சம்மாவை இழுக்க, டிங். மூணு பேரும் மல்லாக்க விழுந்தாங்க.

"அப்பா, ஒண்ணு இந்தப் பக்கம், அடுத்தது அதுக்கு நேர் எதிர்ப்பக்கம்னு மாட்டினா என்ன?"ன்னா வடிவு.

"ஆமா, எனக்குத் தெரியாதா"ன்னுட்டு, எல்லாத்தையும் கழட்டி அவ சொன்ன மாதிரியே மாட்டினாரு. துணி மத்தளம் மாதிரி விறைச்சு நின்னுச்சு.

வலை மிச்சம். பிச்சம்மா, "நல்ல கெட்டி வலை"ன்னு கொண்டு போய்ப் பாகற்கொடிக்குப் பந்தலாக் கட்டிட்டா. காகிதம் மிச்சம். அதை விரிச்சு முருங்கைக்கீரை உருவிப் போட்டா.

"புதுச் சாமான், திருஷ்டி கழிக்கணும்"னாரு அண்ணன். தேங்காய் மேல சூடம் ஏத்தி மூணு சுத்து சுத்தினாரு. காயைத் தரையில போட்டு உடைக்கணுமா இல்லையா? இவரு, கட்டிலுக்குக் கழிச்ச காய் கட்டில்லயேதான் உடையணும்னு, ஓங்கி அதோட நடுவுல போட்டாரு.

டொய்ய்ங்ங்.

தேங்காய் மாமரத்தைத் தாண்டிச்சு. மதிலைத் தாண்டிச்சு. அப்புறம் ஒரு படார். பக்கத்து வீட்டு அற்புதம் டீச்சரோட ஓடு.

கொஞ்ச நேரம் கழிச்சு மதில் மேல டீச்சரோட தலை வந்துச்சு. "சங்கரலிங்கம், தேங்காயை இப்பல்லாம் இப்படித்தான் கொடுத்தனுப்புறதா?"

"மன்னிச்சுக்கோங்க டீச்சர். ஓடு மாத்தித் தாரேன்."

"மாத்துங்க. காய்ல ஒரு கீறல் இல்ல. சட்னிக்கு எடுத்துக்கிறேன்."

அண்ணன் விரலை மடக்கினாரு. ஒண்ணு.

மறுநாள் வடிவு ஏறினா. டொய்ங். டொய்ங். மூணாவது டொய்ங்ல தலை மாங்கிளையில போய் நங்குன்னு முட்டுச்சு. கிளை ஆடி, அதுல இருந்த முசுறுக் கூடு, கடிக்கிற செவப்பு எறும்புக் கூடு, பொத்துன்னு கீழ விழுந்துச்சு. கீழ யாரு? அண்ணன். அன்னிக்கு அவரு தரையில நின்னு குதிச்ச உசரத்தை வடிவு கட்டில்ல நின்னு கூட குதிக்கல. வேட்டி ஒரு பக்கம், அவரு ஒரு பக்கம்.

ரெண்டு. விரலை மடக்கக் கூட முடியல, அது வீங்கியிருந்துச்சு. என்ன, சிரிக்கிறியா? சிரி, ஆனா கண்ணை மூடிக்கிட்டுச் சிரி.

கோமு விரல் விட்டு எண்ணிப் பாத்தா. இன்னும் ஒண்ணே ஒண்ணு, அப்புறம் எடைக்கல். அதனால கட்டிலை மரமில்லாத, மதில் பக்கம் இல்லாத வெட்டவெளிக்கு நகர்த்தச் சொன்னா. தரை சமமா இருக்கான்னு பாக்க ஒரு எலுமிச்சம்பழத்தை வச்சா. அது உருண்டுச்சு. உருண்ட பக்கம் மண் கொட்டி மிதிச்சா. மறுபடியும் வச்சா, மறுபடியும் உருண்டுச்சு. மூணாவது தடவை பழம் அசையாம நின்னுச்சு. ஆடிக்காத்து கட்டிலைத் தூக்கிட்டுப் போகாம இருக்க ஒவ்வொரு காலுக்கும் ஒரு மணல் மூட்டை கட்டினா. எல்லாம் சரியாச் செஞ்சா. ம்?

ஆனா வடிவு மேல ஏறினதும் கோமுவுக்கு மனசு கேக்கல. "பிள்ளை ஒத்தையா நிக்குதே. துணைக்கு ஏறுங்கண்ணே."

அண்ணன் நெல்லு மூட்டைக்கே அண்ணன். ஏறி, ஒரு குதி குதிச்சாரு. அவரு கீழ வந்த நேரமும் வடிவு காலை ஊனின நேரமும் ஒண்ணாப் போச்சு. டொய்ய்ய்ங்ங். வடிவைக் காணோம்.

ஒரு சத்தமும் இல்ல. காக்கா கூட கத்தல. கோமு கட்டிலைச் சுத்திச் சுத்தி ஓடித் தேடினா. நான்தானே துணைக்கு அனுப்பினேன், நான்தானேன்னு உதடு மட்டும் அசைஞ்சுது.

அப்போ பாகற்பந்தல்லேர்ந்து ஒரு குரல். "அம்மா, கசக்குது."

வலையில, தொட்டில்ல போட்ட மாதிரி, வடிவு கிடந்தா. வாயில ஒரு பாகற்காய்.

மூணு. அண்ணன் இந்தத் தடவை விரலை மடக்கல. பிள்ளையை இறக்கி நெஞ்சோட கட்டிக்கிட்டு, மாசானத்துக்குப் போன் போடச் சொல்லிட்டாரு.

கோமு உள்ள போனா. பிச்சம்மா பக்கத்துல உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவினா. கீரைக்கொத்து குறையக் குறைய, அடியில விரிச்சிருந்த அந்தப் பெட்டிக் காகிதம் தெரிஞ்சுது. எழுத்தெல்லாம் வேத்து பாஷை. ஆனா படம் இருந்துச்சு. மரத்தடியில கட்டில், மேல பெருக்கல் குறி. சாஞ்ச தரையில கட்டில், பெருக்கல் குறி. வலை இல்லாத கட்டில், பெருக்கல் குறி. குண்டா ஒரு ஆளும் சின்னதா ஒரு ஆளும் சேர்ந்து குதிக்கிறாங்க, அதுக்கு ரெண்டு பெருக்கல் குறி.

"மதினி, இந்தப் படம் போட்டவன் நம்ம வீட்டை எட்டிப் பாத்துட்டுத்தான் போட்டிருக்கான்."

"தேங்காய் இருக்கா?"

"அது மட்டும் இல்ல."

"அப்ப அவனுக்கும் முழுசாத் தெரியல."

கடைசிப் படத்துக்குப் பெருக்கல் குறி இல்ல. சுத்தி வலை, நடுவுல ஒத்தையா ஒரு ஆள். கோமு அதையே ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு இருந்தா. அப்புறம் எழுந்து போய்ப் பாகற்கொடியை மெல்ல எடுத்து வேலியில படரவிட்டு, வலையை அவுத்துக் கட்டிலைச் சுத்திக் கட்டினா.

மாசானம் தராசோட வந்து நின்னாரு.

"அண்ணே, ஒரே ஒரு தடவை"ன்னா கோமு.

"பிள்ளையை இனிமே ஏத்த மாட்டேன்."

"பிள்ளை இல்லண்ணே. நான்."

வளையலைக் கழட்டினா, கொண்டை ஊசியை எடுத்தா, இடுப்புச் சாவிக்கொத்தை மதினிகிட்ட கொடுத்தா. புடவையை இழுத்து இறுக்கிச் சொருகினா. வடிவு ஓடி வந்தா. "அத்தை, துணைக்கு வரட்டா?"

வான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டா. "வேண்டாம்டி. நீங்க வெளிய நாலு பக்கமும் நில்லுங்க, அது போதும்."

ஒரு பக்கம் அண்ணன், ஒரு பக்கம் பிச்சம்மா, ஒரு பக்கம் வடிவு. நாலாவது பக்கத்துக்கு ஆள் இல்லாம, மாசானம் தராசைக் கீழ வச்சுட்டு வந்து நின்னாரு.

டொய்ங். முதல் தடவை கண்ணை மூடியிருந்தா.

டொய்ங். ரெண்டாவது தடவை மதிலுக்கு அந்தப் பக்கம் டீச்சர் வீட்டுக் கூரை தெரிஞ்சுது, நடுவுல ஒரு புது ஓடு மட்டும் செவப்பா.

டொய்ங். மூணாவது தடவை ரோடு தெரிஞ்சுது. ரோட்டுல ஒரு பஸ். பஸ்ல, ஜன்னலோரத்துல, யாருமே உட்காராத ஒரு இடம்.

நடுவுலயே குதிச்சு நடுவுலயே நின்னா. முட்டியை மடிச்சு ஆட்டத்தை நிறுத்தினா. ஓரத்துல உட்கார்ந்து மெல்ல இறங்கினா. ஒண்ணும் உடையல, ஒருத்தரும் பறக்கல.

அண்ணன் மீசை இளகிச்சு. "என்ன மாசானம்?"

மாசானம் தலையைச் சொறிஞ்சாரு. "இன்னைக்குத் தராசு சரியில்ல அண்ணாச்சி. வந்தது வந்தாச்சு, நானும் ஒருக்கா ஏறிக்கிடட்டுமா?"

"ஒருத்தர் இறங்கினப்புறம் ஒருத்தர். வரிசையில நில்லுங்க. வடிவுக்கு அப்புறம்தான் நீங்க"ன்னா கோமு.

மதில் மேல டீச்சர் தலை வந்துச்சு. "அப்ப நான் எத்தனாவது?"

அப்புறம் மறுவாரம் கோமு டவுனுக்குப் போனா. தனியா. ஜன்னலோரமா. மடியில ஒரு வாழைப்பழம், ஒண்ணே ஒண்ணு.

ம்?

சத்தத்தைக் காணோமே. போயாச்சா. தூக்கத்துக்குள்ள ஒருத்தர் ஒருத்தராத்தான் போகணும் கண்ணு, அங்க நான் துணைக்கு ஏற முடியாது. நீ போயிட்டு வா. நான் வலைக்கு வெளிய இருக்கேன். கட்டில் ஆடி ஓஞ்சுது, கதையும் மெல்ல இறங்கிடுச்சு, தூங்கு.